தில்லையின் தங்கை

மேற்புறம் கரும்பச்சை, கீழ்ப்புறம் ஆழ்ந்த செந்நிறம். காற்று ஒருகாற் புரட்டிய மாத்திரத்தே பச்சை வேலி சிவந்து, மறுகணமே பச்சையாகின்றது. இவ்விருநிறச் செடியை நம்மவர் குரோட்டன் என்னும் பொதுப்பெயருள் அடக்கிவிடுவர். பூந்தோட்டக் குரோட்டன் மொலுக்காத் தீவுகள் முதலியவற்றுக்குரியது. இஃதோ வேறு பேரினம். கொச்சின்சீனாவில் நெடுங்காலம் வாழ்ந்த போர்த்துக்கேயத் துறவி லூறெய்றோ, அந்நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1790 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை எக்ஸ்கோகாரியா கொச்சின்சைனென்சிஸ் எனக் குறித்தார்.

அப்பெயரின் முற்பகுதி தமிழ் மாணாக்கர் உற்றுநோக்கற்பாலது. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய மலர்களுள் ஒன்றாய், சிதம்பரத்துக்குத் தன் பெயரையே ஈந்த தில்லையும் இப்பேரினத்ததே. மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டற்காடுகளில் இன்றும் அதனைக் காணலாம். அகராதியிற் பெயரை மட்டும் படித்து, மரத்தைக் காணாமலே உரை சொல்லும் நம் வழக்கம் எனக்கு உடன்பாடன்று, அது நிற்க. இலத்தீன் மொழியில் அப்பேரினப் பெயர் குருடாக்குதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. தில்லையின் பால் கண்ணிற்பட்டாற் பார்வைக்குக் கேடு. தங்கையும் பால் சுரப்பவளே. அப்பால் தோலையும் கண்ணையும் உறுத்தும்.

ஆதலின், சிறார் கைக்கெட்டும் பள்ளி முற்றத்தில் இதனை நடுதலை யான் ஒவ்வேன். “அழகாயிருக்கின்றதே, ஐயா” என்று மாணாக்கர் வாதிடுவர். அழகை யார் மறுத்தார்? இலை கிள்ளிய விரலாற் பாலர் வகுப்புப் பிள்ளை கண்ணைக் கசக்குமே என்பதுதான் என் வழக்கு. வீட்டின் புறவேலிக்கு ஆயின் தடையில்லை. பால் கண்ணிற் பட்டுவிடின் நிறைய நீர்விட்டுக் கழுவி, தாமதியாது வைத்தியரிடம் செல்லுக.

வளர்த்தல் எளிது. முற்றியும் முற்றாததுமான தண்டை வெட்டி, வடியும் பாலை நீரிற் கழுவி, மணலும் மக்கிய எருவும் கலந்த ஈரமண்ணில் நிழலிலே ஊன்றுக. வேர் கொண்டபின் வெளிச்சமான இடத்துக்கு மாற்றுக. அடர்நிழலில் நிறம் மங்கி, தண்டு மெலிந்து நீளும். தில்லை உவர்ச்சேற்றில் நிற்கும்; தங்கைக்கோ நீர் தேங்கினால் வேர் அழுகும். குளிரும் ஆகாது. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளை நெருங்கும். அப்போது கையுறை வேண்டும். இலையின் மேற்புறத்தே வெண்டிட்டுப் படர்ந்த வகையும் ஒன்றுண்டு. அதில் முழுப் பச்சைக் கிளை தோன்றின் உடனே அடியோடு நறுக்குக. விட்டுவைத்தால் அதுவே செழித்து ஏனையவற்றை மேவிவிடும்.