உங்களுக்குத் தெரியுமா? மஸ்டாங்கின் ஜாதகம்

1967 ஃபோர்டு மஸ்டாங்கை வீட்டு ஷெட்டில் புதுப்பிக்க நினைப்பவர், ஸ்பேனரைத் தொடுமுன் சேஸிஸ் எண்ணைப் படிப்பது நல்லது. முதலில் உள்ள '7' மாடல் ஆண்டு. அடுத்து 'ஆர்' இருந்தால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை. ஐந்தாவது இடம்தான் முக்கியம். அங்கே 'எஸ்' என்றால் 390 கன அங்குல (6.4 லிட்டர்) வி8 எஞ்சினோடு பிறந்த வண்டி. 'சி' என்றால் 289தான், வெளியே எந்த பேட்ஜ் மின்னினாலும் சரி!

அடுத்தது, முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுச் சல்லடை. இலைதழை அடைத்து, நீர் தேங்கி, உள்ளுக்குள் துருப்பிடிக்கும் இடம் அது. ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிப் பாருங்கள். உள்ளே கார்ப்பெட் நனைந்தால், பெயின்ட் கனவைத் தள்ளிவைத்துவிட்டு வெல்டிங்குக்குக் காசு எடுத்துவையுங்கள்.