‘பிரேக் பிடிக்கவில்லை’: பஸ்ஸின் காற்று எங்கே போகிறது?

மலையக வீதியொன்றில் பஸ் குடைசாய்ந்தால், அன்றைய செய்தியின் நான்காவது ஐந்தாவது வரியில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற சொற்கள் வந்துவிடும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டிஎல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் வீழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அவற்றுக்கான காரணங்களைத் தீர்மானிப்பது விசாரணையாளர்களின் வேலை. இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை. ஆனால், ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்லும்போது பஸ்ஸுக்குள் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை. அது திடீரென வானத்திலிருந்து விழுகிற ஒன்றைப் போலவே பேசப்படுகிறது. காற்றழுத்தம் குறைவது பெரும்பாலும் அப்படி வருவதில்லை.

கார், முச்சக்கர வண்டி ஆகியவற்றின் பிரேக்கை இயக்குவது எண்ணெய். பெரிய பஸ்ஸிலும் லொறியிலும் அந்த வேலையைச் செய்வது காற்று. என்ஜினோடு சேர்ந்து ஓடும் கொம்பிரசர் காற்றை அழுத்தித் தாங்கிகளில் நிரப்புகிறது. சாரதி பெடலை மிதிக்கும்போது அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள பிரேக் சேம்பருக்குள் புகுந்து, டயபிரம் எனப்படும் றப்பர் தட்டைத் தள்ளுகிறது. அது ஒரு தண்டைத் தள்ள, தண்டு பிரேக் லைனரை ட்ரம்மோடு அழுத்துகிறது. பெடலை விட்டதும் ‘புஸ்’ என்று கேட்கிறதே, அது வேலையை முடித்த காற்று வெளியேறும் சத்தம். அது கேட்கவேண்டிய சத்தம். பஸ் சும்மா நிற்கும்போது ஓயாமல் கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’ வேறு.

காற்று முழுவதும் போனால் பஸ் கட்டுப்பாடில்லாமல் ஓடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அமைப்பு சரியாக இருந்தால் நடப்பது அதற்கு நேர்மாறு. பின் சக்கரங்களின் சேம்பர்களுக்குள் மிகப் பலமான ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கிப் பிடித்து வைத்திருப்பதே காற்றுத்தான். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் என்று சாரதி போடுவதும் இதைத்தான். காற்று இல்லாதபோது தானாகவே நிற்கவேண்டும் என்ற இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்கான காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமல் போகும் ஆபத்து இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதைத் திருப்பிப்போட்டு, குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும்படி மாற்றினார்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே? இடையில்தான். நிறைந்த தாங்கியில் ஏறத்தாழ 8 பார், அதாவது 120 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும். அது 4 பாரை நெருங்கும்போது பெடலின் பலம் தேய்ந்துபோயிருக்கும். ஸ்பிரிங்கோ இன்னும் முழுதாக விரிந்திருக்காது. பொதுவாக 20க்கும் 45க்கும் இடைப்பட்ட பி.எஸ்.ஐ. அளவிலேயே அது முழுப் பலத்தோடு இறங்கும். செங்குத்தான இறக்கத்தில், ஆட்கள் நிறைந்த பஸ்ஸில், இந்த இடைவெளி மிக நீளமானது. ட்ரம் ஏற்கெனவே சூடேறி, லைனரும் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங் வந்தும் பயன் குறைவு. அது அழுத்துவதும் அதே லைனரைத்தான், அதுவும் பின் சக்கரங்களில் மட்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. காற்றுக் கசிவால் ஸ்பிரிங் அடிக்கடி பிடித்துப் பஸ் நகராமல் நின்றால், ஸ்பிரிங்கைப் பின்பக்க போல்ட்டால் இழுத்துப் பூட்டிவிட்டு ஓட்டலாம். பழுதான வண்டியை வீதியோரத்திலிருந்து கராஜுக்கு இழுத்துச் செல்ல இருக்கும் வழி இது. இதைச் செய்துவிட்டுப் பயணிகளை ஏற்றினால், கடைசிக் காவலையும் கழற்றி எறிந்ததாகிவிடும்.

காற்று குறைகிறதா என்று பார்க்க கணினி எதுவும் தேவையில்லை. காலையில் சமதரையில் பஸ்ஸை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மீற்றர் முள் நிறையும்வரை என்ஜினை ஓடவிட வேண்டும். பிறகு என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் கனரக வாகன சாரதிப் பரீட்சையில் கேட்கப்படும் அளவு இது: பெடலைத் தொடாமல் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக்கூடாது; பெடலை நன்றாக மிதித்துப் பிடித்திருக்கும்போது 3க்கு மேல் இறங்கக்கூடாது. நம் பஸ்களில் பார் அளவில் மீற்றர் இருந்தால், 3 பி.எஸ்.ஐ. என்பது 0.2 பார். முள் அசைவது கண்ணுக்கே தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு பார்வையும் கசிவு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடும். பெடலைத் தொடாமலே இறங்கினால் தாங்கி, குழாய் இணைப்புகள், தண்ணீர் வெளியேற்றும் திருகு, எயார் ட்ரையர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் இறங்கினால் ஏதோ ஒரு சக்கரத்தின் டயபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது அங்கே போகும் ஹோஸ் வெடித்திருக்கலாம். ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் சுற்றிவந்து காதைக் கொடுத்தால் பெரிய கசிவு பிடிபடும். சிறியதற்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் போதும், குமிழி வரும். காற்று ஹோர்னையும் தானியங்கிக் கதவையும் மறக்கக்கூடாது. பிறகு பூட்டப்பட்ட ஹோர்ன்களுக்குப் பிரேக் தாங்கியிலிருந்தே குழாய் இழுத்திருந்தால், அந்தக் குழாயின் கசிவும் பிரேக்கின் காற்றைத்தான் குடிக்கிறது.

அதிகம் பேரை ஏமாற்றும் கசிவு ஒன்று இருக்கிறது. பின் அச்சுக்கு மேலே உள்ள ரிலே வால்வின் அடியிலிருந்து ஓயாமல் காற்று வரும். வால்வு பழுது என்று புதியது வாங்கிப் போடுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். பின் சேம்பருக்கு இரண்டு அறைகள் உண்டு: ஒன்று பெடலுக்கு, மற்றது ஸ்பிரிங்குக்கு. நடுவில் உள்ள சீல் தேய்ந்தால், ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும் காற்று பெடல் பக்கத்துக்குள் நுழைந்து, குழாய் வழியே திரும்பிப்போய் ரிலே வால்வின் வாயால் வெளியேறும். வால்வு வெறும் வாசல்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் அறை காலியாகி சத்தம் நின்றால் குற்றம் சேம்பரில், நிற்காவிட்டால் வால்வில். புதிய வால்வுக்குக் காசு கொடுக்க முன் செய்யவேண்டிய சோதனை இது. ஆனால் சேம்பரின் ஸ்பிரிங் அறையை யாரும் வீதியில் திறந்து பார்க்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளைக் கொல்லும்.

சிலவேளை கசிவே இராது, காற்று நிறைய மட்டும் நேரமெடுக்கும். கொம்பிரசர் தேய்ந்திருக்கலாம், அதன் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், வெளியேறும் குழாயில் கரி படிந்திருக்கலாம். தாங்கியின் திருகைத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர் வருவது இயல்பு. நம் நாட்டு ஈரப்பதத்தில் இன்னும் இயல்பு. பால் நிறத்தில் எண்ணெய் கலந்த சேறு வந்தால் கொம்பிரசர் எண்ணெயைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அந்த எண்ணெய் போகிற இடமெல்லாம் வால்வுகளின் றப்பரைக் கெடுக்கும். தண்ணீரை வெளியேற்றாமல் விட்டால் தாங்கியில் காற்றுக்கான இடமே குறையும். நான்கு தடவை பெடலை மிதித்ததும் முள் கடகடவென்று விழும் பஸ்களில் இதையும் பார்க்க வேண்டும்.

கசிவு எதுவும் இல்லாத பஸ்ஸிலும் ஒரு சாரதியால் காற்றைத் தீர்த்துவிட முடியும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது உயர்ந்த கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பெடலை அடித்து அடித்து விட்டால், கொம்பிரசர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று செலவாகும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குபவருக்கு இன்னும் மோசம்: என்ஜின் மெதுவாகச் சுழல, கொம்பிரசரும் மெதுவாகிறது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய சாரதிகள் சொல்வதற்குள் இந்தக் கணக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் போட்டு, பெடலை இடையிடையே ஒரே சீராக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விட வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம் என்பது கிடையாது. காற்று மிச்சமிருக்கும்போதே ஓரங்கட்ட வேண்டும்.

இவையெல்லாம் பெரும்பாலான சாரதிகளுக்கும் டிப்போ மெக்கானிக்குகளுக்கும் தெரியாதவை அல்ல. காலை நாலரைக்கு முதல் ட்ரிப் எடுப்பவருக்கு இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் கொடுப்பது யார் என்பதே கேள்வி. நாளொன்றுக்கு இவ்வளவு வருமானம் என்று உரிமையாளர் எதிர்பார்க்கும் தனியார் பஸ்ஸில், கசிகிற சேம்பருக்காக ஒரு நாள் வண்டியை நிறுத்தச் சொல்லும் சாரதி தன் நாட்சம்பளத்தையும் இழக்கிறார். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் தகுதிச் சான்றிதழ், அந்த ஒரு நாளின் நிலைமையைத்தான் சொல்லும். டயபிரம் கிழிவதற்கு அந்த நாள் தெரியாது.

சோதனையில் இன்னும் ஒரு படி இருக்கிறது. என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை வேண்டுமென்றே தீர்க்க வேண்டும். முள் 4 பாருக்குக் கீழே போவதற்குள் விளக்கு எரிந்து, எச்சரிக்கை ஒலியும் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் முதலில் அந்த வயரைத் தேடிப் பாருங்கள். இரைச்சல் தாங்காமல் யாராவது எப்போதோ அதைக் கழற்றி விட்டிருக்கலாம்.