வெயில் காலத்தில் தடிமன் வருவது ஏன்?

"வெயிலு இப்புடி எரிக்குது, ஒரு சொட்டு மழையில்ல. இந்த நேரத்துல புள்ளைக்கு எப்புடிங்க ஐயா தடிமன் வரும்?"

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் தோட்ட மருந்தகத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பதும் நியாயந்தான். மழையில் நனைந்தால் தடிமன் பிடிக்கும், பனியில் நின்றால் பிடிக்கும் என்றுதானே நமது பாட்டிமார் சொல்லி வந்தார்கள்?

உண்மையில் தடிமனைத் தருவது மழையுமல்ல, பனியுமல்ல. வைரஸ் என்னும் மிகச் சிறிய கிருமிதான் அதற்குக் காரணம். தடிமனை உண்டாக்கும் வைரஸ் வகைகள் 200க்கு மேல் உண்டு. ஒன்று வந்து போனால் இன்னொன்று வரும். இங்கிலாந்தில் சோல்ஸ்பரி என்னும் ஊருக்குப் பக்கத்தில், 1946இல் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல், தடிமனை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் நடந்தது. அங்கே தாமாக முன்வந்தவர்களைக் குளிக்க வைத்து, ஈரம் துடைக்காமல் காற்றடிக்கும் இடத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். நன்றாக நடுங்கினார்களே தவிர, குளிரால் மட்டும் அவர்களுக்குத் தடிமன் பிடிக்கவில்லை. ஆனால் மூக்கில் ஏற்கெனவே கிருமி உள்ளவருக்கு உடம்பு குளிர்ந்தால் தடிமன் கிளம்பக்கூடும் என்று 2005இல் கார்டிஃப் நகரில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே பாட்டி சொன்னதை முழுதாகத் தள்ளிவிடவும் வேண்டாம்!

சரி, மழையில்லாத காலத்தில் நம் லயங்களில் அது பரவுவது எப்படி?

மலைநாட்டில் இந்த மாதங்களில் பகலில் வெயில், இரவில் கடும் குளிர். நுவரெலியாப் பக்கம் உறைபனியில் கொழுந்தே கருகிப் போவதுண்டு. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் துணியும் திணித்துவிடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறேழு பேர். அடுப்புப் புகையும் உள்ளேதான். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் விடியும்வரை எல்லோரும் சுவாசிக்கிறார்கள். புகை கைக்குழந்தையின் மூச்சுக் குழாயைப் புண்ணாக்கி, கிருமிக்கு வழிவிடுகிறது. படுக்கப் போகுமுன் அடுப்பை அணைத்துவிட்டு, கால் மணி நேரமாவது கதவைத் திறந்து வையுங்கள். பிறகு ஜன்னலில் நாலு விரல் இடைவெளி விட்டுப் படுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். கோடையில் பீலியில் தண்ணீர் நூலாக வடியும். குடிக்கவும் சமைக்கவும் பிடித்துக்கொண்டு வருவதே பெரும்பாடு. கை கழுவுவதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம். பிள்ளை மூக்கைக் கையால் துடைக்கிறது, அதே கையால் கதவைத் திறக்கிறது, டம்ளரைப் பிடிக்கிறது. தம்பி அதைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்குகிறான். இரண்டு மூன்று நாளில் தம்பிக்கும் தடிமன். ஒரே பேசினில் எல்லோரும் கையை நனைத்து எடுப்பது கழுவுவதல்ல, கிருமியைப் பங்கு போடுவது.

தண்ணீர் குறைவாக இருந்தாலும் இதற்கு வழியுண்டு. சோடா குடித்த பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். அடிப்பக்கத்தில், ஓரமாக, சுட்ட ஆணியால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கினால் தண்ணீர் நின்றுவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்தினால் மெல்லியதாக ஒழுகும். இதை இஸ்தோப்புத் தூணில், சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கட்டிவிடுங்கள். பக்கத்தில் வெங்காயம் வரும் வலைப்பையில் சவர்க்காரத் துண்டொன்று. கையை நனைத்து, மூடியை இறுக்கி, இருபது எண்ணும்வரை சவர்க்காரம் தேய்த்து, மறுபடி திறந்து கழுவ வேண்டும். ஒரு போத்தலில் பலர் கை கழுவலாம். கீழே ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டால் அந்தத் தண்ணீரும் வீணாகாது.

சித்திரைப் புத்தாண்டையும் சொல்ல வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் நெரிசல் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். வந்ததும் வராததுமாகக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சத்தான் மனம் வரும். முதலில் கை கழுவச் சொல்லுங்கள். மூக்கு ஒழுகுகிறவர் மாமாவோ சித்தியோ, முத்தத்தைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைக்கட்டும். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

தாய்க்கே தடிமன் என்றால் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கையைக் கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டு கொடுக்கலாம். தடிமன் பிடித்த பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விடுவது மற்றப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல. ஆனால் வீட்டில் நின்றால் தாய்க்கு ஒரு நாள் பேர் போய்விடும். இது எமக்கும் தெரியும். வீட்டில் பார்க்க ஆளில்லாவிட்டால், ஆயம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் பிள்ளையைச் சற்றுத் தள்ளிப் படுக்க வைப்பார். துவாயும் டம்ளரும் தனியாகக் கொடுத்தனுப்புங்கள்.

"கெப்சூல் ரெண்டு குடுங்க ஐயா, சட்டுனு நின்னுரும்" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கெப்சூலுக்கு வைரஸ் சாகாது. தேவையில்லாமல் விழுங்கினால், உண்மையில் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம். சாதாரணத் தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் தானாகவே குறையும். கொத்தமல்லித் தண்ணி தொண்டைக்கு இதம், பெரியவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவும் வேண்டாம், கொதிதண்ணீர் கவிழ்ந்தால் தடிமனைவிடப் பெரிய ஆபத்து.

பயப்பட வேண்டியது தடிமன் நெஞ்சில் இறங்கி நியூமோனியாவாக மாறும்போதுதான். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பியும் விழிக்காமல் கிடந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். நடு இரவானாலும் "விடியட்டும்" என்று இருக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு வரும் பாதை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லி, மெயின் ரோட்டில் டோர்ச்சோடு ஒருவரை நிறுத்துங்கள்.