காஞ்சிபுரம் சரிகை

காஞ்சிபுரம் சரிகை என்பது காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளின் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றில் நெய்யப்படும் உலோக இழை ஆகும். பட்டு நூலின் மேல் தட்டையாக்கப்பட்ட வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் பொன்முலாம் பூசி இது செய்யப்படுகிறது. பேச்சு வழக்கில் இதனை ஜரிகை என்றும் அழைப்பர். ஒரு பட்டுச் சேலையின் விலையில் பெரும்பங்கு சரிகையின் தரத்தைப் பொறுத்தே அமைகிறது. ஆயினும் அத்தரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிதல் கடினம்.

செய்முறை

வெள்ளியுடன் செம்பு கலந்து உருக்கப்பட்ட கட்டி, படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் துளைகளின் வழியே இழுக்கப்பட்டு, மயிரிழை போன்ற கம்பியாக்கப்படுகிறது. அக்கம்பி உருளைகளுக்கு இடையே தட்டையாக்கப்பட்டு, சாயமிட்ட பட்டு நூலின் மேல் நெருக்கமாகச் சுற்றப்படுகிறது. இறுதியில் மின்பகுப்பு முறையில் பொன்முலாம் பூசப்படுகிறது. சேலையில் தெரியும் பொன்னிறம் இந்த மெல்லிய மேற்பூச்சினால் வருவதே. உள்ளே இருப்பது பெரும்பாலும் வெள்ளியும் செம்பும் ஆகும்.

சரிகை உற்பத்தியில் குசராத்து மாநிலத்தின் சூரத்து நகரம் பெயர் பெற்றது. காஞ்சிபுரம் நெசவாளர்களும் நெடுங்காலமாக அங்கிருந்து சரிகை பெற்று வந்துள்ளனர். தமிழ்நாட்டிலேயே தரமான சரிகையை உருவாக்கும் நோக்குடன் 1971 ஆம் ஆண்டில் மாநில அரசின் நிறுவனமான தமிழ்நாடு சரிகை ஆலை காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. சரிகை 'மார்க்' என்னும் அளவையால் விற்கப்படுகிறது. ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம் ஆகும்.

உலோகக் கலவை

காஞ்சிபுரம் பட்டுக்குரிய சரிகையில் 57 விழுக்காடு வெள்ளியும் 0.6 விழுக்காடு பொன்னும் இருத்தல் முன்னர் அளவீடாகக் கொள்ளப்பட்டது. வெள்ளியின் விலை உயர்ந்த பின்னர் 40 விழுக்காடு வெள்ளி, 35.5 விழுக்காடு செம்பு, 24 விழுக்காடு பட்டு, 0.5 விழுக்காடு பொன் என்னும் கலவை வழக்கிற்கு வந்தது. இதன்படி ஒரு சேலையில் 200 கிராம் சரிகை இருப்பின், அதில் 80 கிராம் வெள்ளியும் 1 கிராம் பொன்னும் அடங்கும்.

வகைகள்

* அசல் சரிகை: பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசப்பட்டது.
* டெஸ்டட் சரிகை: செப்புக் கம்பிக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சும் பொன்னிறமும் தரப்பட்டது. நாளடைவில் கறுக்கக்கூடியது.
* பாலியெசுட்டர் சரிகை: உலோகப் பூச்சுள்ள நெகிழிப் படலத்தை நறுக்கிச் செய்யப்படுவது. எடை குறைவு.

பின்னைய இரண்டும் தம்மளவில் குற்றமுடையவை அல்ல. அவற்றை அசல் என்று கூறி விற்பதே ஏமாற்று ஆகும்.

தரம் அறிதல்

சேலையின் உட்புறத்தில் தொங்கும் சரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டினால், அசல் சரிகையில் சிவந்த பட்டு நூல் வெளிப்படும் என்பது பரவலாக அறியப்பட்ட சோதனை ஆகும். ஆனால் செயற்கை நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்ற இயலும் என்பதால் இது முடிவான சான்றன்று. அந்நூலை எரித்துப் பார்த்தால், பட்டு மயிர் கருகும் மணத்துடன் எரிந்து பொடியாகும். பாலியெசுட்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இச்சோதனை உள்நூலை மட்டுமே காட்டும். உலோகங்களின் விழுக்காட்டைச் சேலைக்குச் சேதமின்றி அறிய எக்சு-கதிர் ஒளிர்வுக் கருவி பயன்படுகிறது.

முத்திரைகளும் அவற்றின் பொருளும்

வாங்குவோர் பலர் ஒரு முத்திரையைக் கண்டதும் அனைத்தும் அசல் என்று கருதிவிடுகின்றனர். ஒவ்வொரு முத்திரையும் வெவ்வேறு ஒன்றையே உறுதிசெய்கிறது.

* 2004 இல் அறிமுகமான பட்டு முத்திரை (சில்க் மார்க்), இழை தூய பட்டு என்பதை மட்டும் கூறும்.
* 2006 இல் அறிமுகமான கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதைக் கூறும்.
* 2005–06 இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, பொருளின் பிறப்பிடத்தையும் அதற்குரிய தன்மைகளையும் காக்கும்.

பட்டு முத்திரையுள்ள சேலையிலும் போலிச் சரிகை இருக்க இயலும். ஆகவே சரிகையின் வகை, வெள்ளி, பொன் விழுக்காடு ஆகியவற்றை விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குதல் நன்று. பின்னர் முறையிடுவதற்கு அச்சீட்டே சான்றாகும்.

நெசவாளர் நிலை

பாவு, ஊடை, சரிகை ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கமோ தறி முதலாளியோ தருவதும், நெசவாளர் கூலிக்கு நெய்து கொடுப்பதும் காஞ்சிபுரத்தில் பரவலான முறை ஆகும். எனவே போலிச் சரிகைக்கு நெசவாளர் பெரும்பாலும் பொறுப்பாளர் அல்லர். கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் இணைத்து நெய்யும் கோர்வை முறைக்கு அசல் சரிகையிலும் போலிச் சரிகையிலும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் போலி வெளிப்படும்போது ஊரின் பெயர் கெட்டு, தறியில் வேலை குறைகிறது.

பராமரிப்பு

காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களுடன் வெள்ளி வினைபுரிந்து வெள்ளி சல்பைடாக மாறுவதே சரிகை கறுப்பதற்குக் காரணம். இதனைக் குறைக்கப் பின்வருவன உதவும்.

* உடுத்திய சேலையை நிழலில் காற்றாட விட்ட பின்னரே மடித்தல் வேண்டும்.
* நறுமணத் தெளிப்பான்களைச் சரிகையின் மேல் நேரடியாக அடித்தல் கூடாது.
* நெகிழிப் பையைத் தவிர்த்து, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம்.
* அந்துருண்டை சரிகையைத் தொடாதவாறு வைத்தல் வேண்டும். வசம்பைத் துணியில் முடிந்து அருகில் வைப்பது பழைய வழக்கம்.
* சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுதல் வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை முறியும்.
* சரிகையின் மேல் பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில் தேய்த்தல் வேண்டும்.

பழைய சேலைகள்

கிழிந்த பட்டுச் சேலைகளை வாங்குவோர் அவற்றை எரித்து, எஞ்சும் சாம்பலை உருக்கி வெள்ளியைப் பிரிக்கின்றனர். பழைய அளவீட்டின்படி செய்த சரிகையில் வெள்ளி கூடுதலாக இருக்கும் என்பதால், பாட்டியின் நைந்த சேலை பேத்தியின் புதுச் சேலையை விட உலோக மதிப்பில் உயர்ந்ததாக இருத்தல் கூடும். இதனை அறியாது குறைந்த தொகைக்கு விற்போர் பலர். விற்கும் முன் சரிகையைச் சோதித்து, அன்றைய வெள்ளி விலையுடன் ஒப்பிடுதல் நலம். கரை நல்ல நிலையில் இருப்பின், அதனைப் பிரித்தெடுத்துப் புதிய துணியில் பொருத்தியும் பயன்படுத்தலாம்.