வேலை போனால் நாடும் போகும்

அமெரிக்காவின் எச்-1பி விசா தற்காலிகமானது என்கிறது சட்டம். அந்தத் தற்காலிகத்திலேயே பாதி ஆயுளைக் கழிக்கிறார்கள் இந்திய இன்ஜினியர்கள்.

வேலை போவது எந்த ஊரிலும் துன்பம்தான். ஆனால் எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருக்கும் இந்திய இன்ஜினியருக்கு வேலை போனால் அன்றே ஒரு கெடு தொடங்கிவிடுகிறது: அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனுப் போடவேண்டும், அல்லது அவர் வேறு வகை விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் வீட்டைக் காலி செய்து, காரை விற்று, குழந்தைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தி விமானம் ஏறவேண்டியதுதான். 2022 இறுதியிலும் 2023-லும் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தபோது ஏராளமான இந்தியக் குடும்பங்கள் காலண்டரைப் பார்த்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தன.

காரணம் எளிமையானது. இந்த விசாவுக்கு மனுப் போடுபவர் ஊழியர் அல்ல, முதலாளி. பட்டப்படிப்பு தேவைப்படும் வேலை என்றும், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் தருவதாகவும் அவர்தான் அரசிடம் உறுதி கூறுகிறார். பாஸ்போர்ட்டில் ஊழியரின் பெயர் இருக்கலாம். கடிவாளம் இருப்பது எஜமானர் கையில்.

இன்றைய வடிவில் இந்த விசா 1990-ல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. வருடத்துக்கு 65,000 பேர், முதலில் மூன்று வருடம், மொத்தம் ஆறு வருடம் என்பது கணக்கு. கம்ப்யூட்டர் நிறுவனங்களின் ஆள்பசி வளர்ந்தபோது உச்சவரம்பு 1,15,000 ஆகி, 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளில் 1,95,000 வரை போனது. பிறகு பழைய எண்ணுக்கே திரும்பியது. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மட்டும் 20,000 இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. ஆசைப்படுபவர்களோ பல மடங்கு. 2024 நிதியாண்டுக்கு வந்த பதிவுகள் 7.8 லட்சம். ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் சீட்டுப் போட்டதும் இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம் என்பதால், அதற்கடுத்த ஆண்டு முதல் ஆளுக்கு ஒரே சீட்டு என்று விதியை மாற்றினார்கள்.

2024 நிதியாண்டில் அனுமதி பெற்றவர்களில் சுமார் 71 சதவிகிதம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். சிக்கலும் அங்கேதான். ஆறு வருடத்துக்கு மேல் தங்க வேண்டுமானால் முதலாளி கிரீன் கார்டுக்கான வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான் தருகிறார்கள். அதில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. நூறு கோடியைத் தாண்டிய இந்தியாவுக்கும் சில லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவுகோல்! விளைவு, உயர்பட்டம் பெற்றவர்களுக்கான பிரிவில் 2025 மத்தியில்கூட 2013-க்கு முன் விண்ணப்பித்த இந்தியர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. அப்பா வரிசையில் நிற்கும்போதே மகளுக்கு 21 வயதாகிவிட்டால், குடும்பத்தின் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் உதிர்ந்துபோகக்கூடும்.

வேலை மாற முடியாதா? 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு முடியும். ஆனால் புதிய முதலாளி கிரீன் கார்டு வேலையைப் பெரும்பாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். வேலையில்லை என்று சம்பளம் தராமல் 'பெஞ்ச்'சில் உட்கார வைக்கக்கூடாது, காலத்துக்கு முன் நீக்கினால் ஊர் திரும்பும் செலவைத் தரவேண்டும் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. ஆனால் கடிவாளத்தைப் பிடித்திருப்பவர் மீதே புகார் கொடுக்க எத்தனை பேர் துணிவார்கள்?

அமெரிக்கத் தொழிலாளியின் கோபத்துக்கும் வேர் இதுதான். ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் 2015 தொடக்கத்தில் கம்ப்யூட்டர் ஊழியர்கள் சுமார் 250 பேரை நீக்கியபோது, தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி தர நேர்ந்ததாகப் பலர் குமுறினார்கள். வாசலைக் காட்டி உயர்ந்த சம்பளம் கேட்க முடியாத ஊழியன் அருகில் இருந்தால் உள்ளூர்க்காரனின் பேரமும் பலவீனமாகும். கட்டிப்போடப்பட்டவன் இந்தியன், கயிறு உறுத்துவது இருவரையும்.

வாஷிங்டன் கயிற்றை அவிழ்க்கவில்லை, விலையை ஏற்றியது. 2025 செப்டம்பர் 19-ல் அதிபர் டிரம்ப் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். அமலுக்கு வர இருந்ததோ இரண்டே நாளில். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர்கள் அடித்துப்பிடித்து விமான நிலையத்துக்கு ஓடினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அதே டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிப்பது கட்டாயமானபோது விசா நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. முத்திரை குத்திக்கொள்ள இந்தியா வந்தவர்கள் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகும் கல்யாணச் சந்தையில் இந்த விசாவுக்கு மவுசு குறையவில்லை. மனைவி வேலைக்குப் போக வழி பிறந்ததே 2015-ல்தான். அதுவும் கணவரின் கிரீன் கார்டு முயற்சி ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும். மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கும் பெண் வீட்டார் இன்னொன்றையும் கேட்டு வைப்பது நல்லது: வரிசையில் அவர் நிற்பது எந்த வருடத்தில்?