ஒருமுறை வரை, எட்டு இடத்தில் பயன்படுத்து: லாஜிசிமில் உட்சுற்று



படிவம் 5 மாணவன் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டீச்சர், 5 கூட்டல் 2 போட்டா 7 வருது. 7 கூட்டல் 6 போட்டா 15 வருது! எங்க தப்புன்னே தெரியல." மறுநாள் கணினி அறிவியல் செயல்திட்டத்தை ஒப்படைக்க வேண்டும். திரையில் 20 தர்க்க வாயில்கள். கம்பிகள் இடியப்பம் மாதிரி பின்னிக் கிடந்தன.

நடந்தது இதுதான். ஒரு முழுக்கூட்டியை வரையும்போது எக்ஸ்-ஆர் வாயிலுக்குப் பதிலாக ஆர் வாயிலை வைத்துவிட்டான். பிறகு அதையே நான்கு முறை நகலெடுத்து ஒட்டினான். இரண்டு உள்ளீடும் 1 ஆக இருக்கும்போது மட்டுமே இந்த இரண்டு வாயில்களும் வேறுபடும். அதனால்தான் 5 + 2 சரியாக வந்தது. முதல் கூட்டியை மட்டும் திருத்திப் பார்த்தான். விடை அதே 15. நகலெடுத்தபோது தவறும் சேர்ந்து எட்டு இடத்துக்குப் போயிருந்தது.

யாப்பிலேயே இருக்கும் வழி

யாப்பில் எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. 'தேமா' என்று சொன்னாலே உள்ளே நேர் நேர் இருப்பது தெரியும். அடியைப் பார்க்கும்போது மறுபடி எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொண்டிருக்க மாட்டோம். மின்சுற்றிலும் இப்படிப் படிநிலையாகக் கட்டலாம். சிறிய சுற்றுக்கு ஒரு பெயர் வைத்து, அதைப் பெரிய சுற்றுக்குள் ஒரு பெட்டியாக வைப்பதுதான் உட்சுற்று.

செய்முறை

கார்ல் பர்ச் உருவாக்கிய லாஜிசிம் ஓர் இலவச மென்பொருள். அதன் வழிவந்த லாஜிசிம் எவல்யூஷனிலும் முறை ஏறக்குறைய இதேதான்.

1. புராஜெக்ட் பட்டியலில் 'ஆட் சர்க்கிட்' அழுத்தி, அரைக்கூட்டி என்ற பொருளில் ஒரு பெயர் கொடுங்கள்.

2. ஏ, பி என இரண்டு உள்ளீட்டுப் பின்கள். கூட்டுத்தொகைக்கும், மேலே கொண்டுபோகும் எண்ணான கேரிக்கும் இரண்டு வெளியீட்டுப் பின்கள். எக்ஸ்-ஆர் வாயில் கூட்டுத்தொகையைத் தரும்; ஆண்ட் வாயில் கேரியைத் தரும். பின்களுக்குப் பெயர் எழுத மறக்காதீங்க.

3. கை வடிவக் கருவியால் உள்ளீட்டை மாற்றி, மெய்யட்டவணையின் 4 வரிசையையும் சோதியுங்கள். சரியாக வந்த பிறகே அடுத்த படி.

4. முழுக்கூட்டிக்குப் புதிய சுற்று ஒன்று தொடங்குங்கள். இடப்பக்கப் பட்டியலில் அரைக்கூட்டியை ஒருமுறை சொடுக்கி, வரைபரப்பில் வையுங்கள். (இருமுறை சொடுக்கினால் திருத்துவதற்காக அது திறந்துகொள்ளும்.) இரண்டு அரைக்கூட்டிகளும் ஓர் ஆர் வாயிலும் சேர்ந்தால் முழுக்கூட்டி. இதற்கு 8 வரிசைச் சோதனை.

5. இன்னொரு சுற்றில் நான்கு முழுக்கூட்டிகளை வைத்து, ஒன்றின் கேரி வெளியீட்டை அடுத்ததன் கேரி உள்ளீட்டில் இணையுங்கள். முதல் கூட்டியின் கேரி உள்ளீட்டைச் சும்மா விடக்கூடாது. 0 மாறிலியை இணைக்கணும்.

இப்போது அரைக்கூட்டியில் தவறு இருந்தால், அதைத் திறந்து ஒரே ஒரு வாயிலை மாற்றினால் போதும். எட்டு இடத்திலும் மாறிவிடும். அன்று அந்த மாணவனை இப்படித்தான் மறுபடி வரையச் சொன்னேன். 7 + 6 = 13 வந்தது.

கவனிக்க வேண்டியவை

- பெட்டியைப் பயன்படுத்திய பிறகு உள்ளே பின்களை இடம் மாற்றாதீர்கள், புதிதாகச் சேர்க்காதீர்கள். வெளியே முனைகளின் வரிசை மாறி, கம்பிகள் தவறான முனையில் சேரலாம். பின்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.
- ஒரு சுற்றை அதற்குள்ளேயே வைக்க முடியாது.
- பெட்டிகள் சரியென்றாலும் இணைப்பு தவறலாம். கடைசியில் 15 + 1 போட்டுப் பாருங்கள். நான்கு வெளியீடும் 0, கடைசிக் கேரி 1 வரணும். கேரி எல்லாக் கூட்டியையும் கடந்து போகிறதா என்று இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

தேர்வு எழுதுவோருக்கு

தேர்வு மண்டபத்தில் மென்பொருள் கிடையாது. ஆனால் இந்தப் பழக்கம் கூடவே வரும். பெரிய சுற்றுக்கு மெய்யட்டவணை கேட்டால், நேராகக் கடைசி விடைக்குத் தாவாதீங்க. நடுவில் வரும் ஒவ்வொரு வாயிலின் வெளியீட்டுக்கும் ஒரு பெயர், ஒரு தனி நெடுவரிசை கொடுங்கள். தவறினாலும் எந்த நெடுவரிசையில் தவறியது என்று உடனே கண்டுபிடிக்கலாம்.

பயிற்சி: இரண்டு ஓரிலக்க இரும எண்கள் சமமா என்று சொல்லும் உட்சுற்றை முதலில் உருவாக்குங்கள். அதையே நான்கு முறை பயன்படுத்தி, இரண்டு நான்கிலக்க இரும எண்கள் சமமா என்று கண்டறியும் சுற்றை அமையுங்கள். கடைசியில் நான்கு வெளியீடுகளையும் எந்த வாயில் சேர்க்கும்? யோசித்துப் பாருங்கள்.