புல் வெட்டும் மெஷினைப் பிள்ளை கையில் எப்போது கொடுக்கலாம்?



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீடுகளில் எழும் ஒரு கேள்வியை இந்த முறை எடுத்துக்கொள்வோம். வீட்டைச் சுற்றிப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. இப்படியே விட்டால் பாம்பு வரும், எலி வரும். அப்பா வாரம் முழுதும் செம்பனைக் காட்டில் உழைத்து அலுத்துப் போயிருக்கிறார். 13 வயது மகன் வந்து நின்று, "நான் வெட்டறேம்ப்பா, எனக்கு மெஷின் ஓட்டத் தெரியும்" என்கிறான். அம்மா அடுப்படியிலிருந்து, "வேணாங்க, சின்னப் பையன்" என்கிறார். பாட்டியோ, "இவன் வயசுல ஒங்கப்பன் பால் வாளி தூக்கினவன்தான்" என்கிறார்.

மூன்று பேர் சொல்வதிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை உதவி செய்ய முன்வருவது நல்ல குணம். அதை வளர்க்கத்தான் வேண்டும். ஆனால், பால் வாளி கை தவறினால் பால்தான் கொட்டும். மெஷின் கை தவறினால் கண் போகும், கால் போகும். ஆகவே அன்றைய கணக்கை இன்றைய மெஷினுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

முதலில் மெஷினைத் தெரிந்துகொள்வோம்

நம் பக்கம் பெரும்பாலும் இருப்பது முதுகில் மாட்டும் மெஷின். எஞ்சின் முதுகில், நீண்ட குழாய் கையில், அதன் முனையில் இரும்புக் கத்தி அல்லது நைலான் கயிறு. அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் கல், ஆணி, கண்ணாடித் துண்டு, கம்பி எது அதில் பட்டாலும் குண்டு போலப் பறக்கும். இதனால்தான் வேலை நடக்கும்போது மற்றவர்கள் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். 15 மீட்டர் என்றால் பெரியவர் நடையில் சுமார் இருபது எட்டு. லயத்து வீடுகளில் நம் வாசலுக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் அவ்வளவு தூரம் இருக்குமா? நீங்களே அளந்து பாருங்கள்.

இரண்டாவது, அதன் எடை. எண்ணெய் ஊற்றிய பிறகு முதுகு மெஷின் ஏறக்குறைய 10 கிலோ வரும். 13 வயதுப் பிள்ளையின் எடை 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், தன் எடையில் நாலில் ஒரு பங்கை அவன் முதுகில் சுமக்கிறான். எஞ்சின் அதிர்வும் வெயிலும் சேர்ந்தால் சீக்கிரம் களைத்து விடுவான். களைத்த கை குழாயைத் தாழ்த்திப் பிடிக்காது. கால் தடுமாறும். விபத்து நடப்பது அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது, சத்தம். இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபல் அளவுக்குப் போகக் கூடியது. காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் அந்தச் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது கேட்கும் சக்தியைக் கெடுக்கும். அதோடு, பின்னால் ஒரு குழந்தை ஓடி வந்தாலும் மெஷின் ஓட்டுபவர் காதில் விழாது.

வயது என்ன சொல்கிறது?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு இதற்கு ஒரு வயது வரம்பு சொல்கிறது. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிக்குக் குறைந்தது 12 வயது. மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்குக் குறைந்தது 16 வயது. 12 வயதுக் கணக்கு தள்ளும் மெஷினுக்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அதில் கத்தி ஒரு மூடிக்குள் சுற்றுகிறது, எடையைச் சக்கரம் தாங்குகிறது. நம் முதுகு மெஷினில் கத்தி வெளியே இருக்கிறது, எடை முழுவதும் உடம்பில் இருக்கிறது. ஆகவே 16 வயதுக்கு முன் முதுகு மெஷின் வேண்டாம் என்பதே இந்தப் பகுதியின் ஆலோசனை. 16 ஆன பிறகும் நைலான் கயிறுதான். இரும்புக் கத்தியைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஆனால் வயது என்பது வாசற்படி மட்டுமே. 16 வயதாகியும் பொறுப்பு வராத பிள்ளை உண்டு. 14 வயதிலேயே நிதானமாக இருக்கும் மகள் உண்டு. பெண்பிள்ளைக்கு எதற்கு மெஷின் என்று ஒதுக்க வேண்டாம். யாருக்கு நிதானம் இருக்கிறது என்று பாருங்கள்.

பிள்ளை தயாரா என்று எப்படித் தெரியும்?

கீழே உள்ள கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. ஒரு தடவை சொன்னால் செய்கிறானா? சைக்கிளில் பெரிய ரோட்டுக்குப் போகாதே என்று சொன்னால், நீங்கள் பார்க்காதபோதும் போகாமல் இருக்கிறானா?

2. மெஷினை மாட்டிக்கொண்டு, எஞ்சினைப் போடாமல், பத்து நிமிடம் சரிவில் நேராக நடக்க முடிகிறதா? மூச்சு வாங்கினால் இன்னும் ஓராண்டு போகட்டும்.

3. நாய் குறுக்கே ஓடினால் முதலில் என்ன செய்வாய் என்று கேளுங்கள். "வெரட்டுவேன்" என்று சொன்னால் இன்னும் தயாரில்லை. "மெஷினை நிறுத்துவேன்" என்று உடனே சொல்ல வேண்டும்.

4. கத்தியில் புல் சிக்கினால், எஞ்சினை அணைத்து, அது சுற்றி நிற்கும் வரை காத்திருந்து, பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது பழக்கமாகிவிட்டதா?

5. கண்ணாடி, பூட்ஸ், நீளக் கால்சட்டை, காதடைப்பு இவற்றை முணுமுணுக்காமல் போடுகிறானா? சிலிப்பரோடு வந்து நின்றால் அன்று வேலை இல்லை.

6. கடைசிக் கேள்விதான் முக்கியம். களைப்பு வந்தால், "அப்பா, முடியல, போதும்" என்று வெட்கப்படாமல் சொல்வானா?

பலம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது. நிறுத்தத் தெரிவதுதான் பலரிடம் இல்லை. தானாக நிறுத்தத் தெரிந்த பிள்ளைதான் தயாரான பிள்ளை. இந்த ஆறில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் காத்திருங்கள்.

பழக்குவது எப்படி?

ஒரே நாளில் மெஷினைக் கொடுக்காதீர்கள். 10, 12 வயதில் புல்லை வாரிக் குவிக்கவும், வெட்டுவதற்கு முன் கல், கம்பி, போத்தல் பொறுக்கவும் பழக்குங்கள். இது சின்ன வேலை இல்லை. பாதி விபத்தைத் தடுக்கும் வேலை இதுதான். பிறகு எஞ்சின் ஓடாத மெஷினைக் காட்டி, எந்தப் பொத்தான் நிறுத்தும், தோள்பட்டியை எப்படிச் சட்டென்று கழற்றுவது என்று சொல்லிக் கொடுங்கள். சூடாக இருக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஆறிய பிறகு, திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் பெரியவர்தான் ஊற்ற வேண்டும்.

வயது வந்து, ஆறு கேள்வியும் தேறிய பிறகு, காலை வெயில் ஏறும் முன், ஈரமில்லாத சமதரையில் 15 நிமிடம் மட்டும் வெட்டட்டும். அப்பா எதிரே, 15 மீட்டர் தள்ளி, பிள்ளை பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டும். கையை உயர்த்தினால் மெஷின் நிற்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரம், மேடு, வேலி ஓரம் இவையெல்லாம் பிறகு.

யார் வெட்டினாலும் 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் வீட்டுக்குள், கதவு சாத்தி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அக்கா, புல்லு வெட்டப் போறோம், பிள்ளைங்கள உள்ள கூப்பிட்டுக்கங்க." இதில் ஒரு குறைவும் இல்லை.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் தூசியோ புல்லோ மேலாக விழுந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். ஆனால் கல்லோ இரும்போ வேகமாக வந்து அடித்திருந்தால் கழுவ வேண்டாம், கசக்க வேண்டாம், அழுத்த வேண்டாம். எதையும் பிடுங்கவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்து ஒட்டி, நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சின்ன இரும்புத் துணுக்கு உள்ளே போனால் முதல் நாள் வலி குறைவாகவே இருக்கலாம், பார்வையும் இருக்கலாம். அதை நம்பித் தங்கிவிடக் கூடாது. உள்ளே சீழ் பிடித்தால் சில நாளில் பார்வை போய்விடும்.

தாய்ப்பால் விடுவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து விடுவது இரண்டும் கூடாது. பாட்டிமார் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் புல் கீறிய கண்ணில் பூஞ்சைக் கிருமி வளரும். பாலால் அது அடங்காது.

காலிலோ கையிலோ வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூளும் மஞ்சளும் அப்பாதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. 999 எண்ணை அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் உள்தோட்டம் என்றால் தோட்டத்து வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

கூலிக்குப் பிள்ளையைக் கேட்டால்

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வாசலில் அப்பா பார்க்க வெட்டுவது வேறு. குத்தகைக்காரரோ மண்டோரோ, "ஒம் மவன அனுப்பு, நாளுக்கு இவ்வளவு வெள்ளி தரேன்" என்று கேட்பது வேறு. மலேசியாவில் பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டம் 1966-இல் வந்தது. 2019-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி 15 வயதுக்குக் குறைந்தவர் பிள்ளை, 15 முதல் 18-க்குள் இருப்பவர் இளையவர். இந்த இரு பிரிவினரையும் ஆபத்தான வேலையில் அமர்த்தக் கூடாது. யாராவது கேட்டால், "சட்டத்துல இடமில்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டிக்குத் தெரிவியுங்கள்.

கையில் காசு முடையாக இருக்கும் மாதத்தில் இப்படிச் சொல்வது எளிதில்லை. அது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு கண் போன பிள்ளைக்கு, பிற்காலத்தில் லோரி ஓட்டும் வேலைக்குக்கூட வழி அடைபடலாம். இரண்டு நாள் கூலியை வாங்கி, ஐம்பது வருஷப் பிழைப்பை அடகு வைக்கலாமா?

பிள்ளைக்கு "இன்னும் வேண்டாம்" என்று சொல்லும்போது, "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மட்டம் தட்டாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, ஆறு கேள்விகளையும் அவனையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவசரப்பட்டுக் கைக்கு வரும் மெஷினைவிட, காத்திருக்கக் கற்ற பிள்ளை குடும்பத்துக்குப் பெரிய சொத்து. புல் அடுத்த வாரமும் வளரும், அப்போதும் வெட்டிக்கொள்ளலாம்.